பனிக்குடம் உடைந்தால் உடனே பிரசவமா?

பிரசவ வார்டிலிருந்து எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வரும் தொலைபேசி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேசும். "மேடம், 34 வாரம், தண்ணி உடைஞ்சிருச்சு. எடுக்கப் போறோம். வார்மர் போட்டு வைங்க." வலி வந்துவிட்டதா, காய்ச்சல் உண்டா, இரத்தம் போகிறதா, குழந்தையின் துடிப்பு எப்படி என்று திருப்பிக் கேட்டால் கொஞ்சம் மௌனம். பிறகு பதில் வரும்: "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். 34 தாண்டிடுச்சுல்ல."

இந்த "34 தாண்டிடுச்சுல்ல" என்ற சொல்லோடுதான் என் வழக்கு.

அதன் பின்னால் இருக்கும் வாதம் எளிமையானது. பனிக்குடம் உடைந்துவிட்டால் கிருமி மேலே ஏறும். 34 வாரத்தில் நுரையீரல் ஓரளவு முதிர்ந்துவிடும். ஆகவே காத்திருப்பதால் ஆதாயம் இல்லை, ஆபத்து மட்டுமே உண்டு. வலி ஊசி போட்டோ அறுவை செய்தோ எடுத்துவிட வேண்டும். நான் படித்த காலத்தில் எனக்கும் இதையே சொல்லித்தந்தார்கள். பல ஆண்டுகள் நம்பினேன். இன்று அது தவறு என்று எழுதுகிறேன். நோய்த்தொற்றின் அறிகுறி இல்லை, இரத்தப்போக்கு இல்லை, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றால், 34 வாரத்துக்கும் 37 வாரத்துக்கும் இடையில் தண்ணீர் உடைந்த ஒரே காரணத்துக்காகப் பிரசவத்தை வரவழைப்பது பெரும்பாலான தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்கு இது நடந்தது. 34 வாரம் 3 நாள். இரவு இரண்டு மணிக்குப் படுக்கை நனைந்து எழுந்தாள். மருத்துவமனையில் சோதித்தார்கள்; நீர் தெளிவாக இருந்தது, நாற்றம் இல்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லை, குழந்தையின் துடிப்பில் ஒரு குறையும் இல்லை. "தண்ணியெல்லாம் போயிடுச்சேம்மா, புள்ள எப்படி உள்ள இருக்கும்?" என்று அவள் மாமியார் அழுதார். மருத்துவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், வேறு வார்த்தைகளில். விடிவதற்குள் சிசேரியன் முடிந்தது. நானும் அருகில் இருந்தேன். தலையாட்டினேன்.

பையன் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். பிறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே முனக ஆரம்பித்தான். அந்த முனகலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு மூச்சையும் வெளியே விடும்போது, சுருங்கிவிடப் பார்க்கும் நுரையீரலைத் திறந்தே வைத்திருக்க அந்தச் சின்னத் தொண்டை மூடிக்கொண்டு போராடும் சத்தம் அது. விலா எலும்புகளுக்குக் கீழே தோல் குழிந்து குழிந்து மீளும். காற்றை அழுத்தத்தோடு செலுத்தி நுரையீரலைத் திறந்து வைக்கும் சீபாப் குழாயை மூக்கில் மாட்டினோம். மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் வந்த என் தங்கை கண்ணாடிக்கு அப்பால் அவனைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, அவன் இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே இருந்திருக்கலாமா?"

"குறைமாதம்தானே, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவனைக் குறைமாதத்தில் எடுத்தது நாங்கள். தண்ணீர் உடைந்தது இயற்கையின் செயல். அன்றிரவே பிறந்தது எங்கள் முடிவு. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டேன். அதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. அந்த முடிவு சரியல்ல என்று காட்டிய ஆய்வு அப்போது அச்சாகி ஓராண்டு கடந்திருந்தது.

2016ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு அது. சிட்னியைச் சேர்ந்த ஜோனதன் மோரிஸ் தலைமையில் 11 நாடுகளின் 65 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தியது. 34 வாரம் நிறைந்து 37 வாரம் ஆகாத நிலையில் பனிக்குடம் உடைந்த 1,839 பெண்கள். ஒரு பாதிக்கு உடனடிப் பிரசவம், மறுபாதிக்குக் கண்காணிப்போடு காத்திருத்தல். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். எல்லோரும் அஞ்சுவது குழந்தையின் இரத்தத்தில் கிருமி பரவுவதைத்தானே? உடனே எடுத்த குழந்தைகளில் அது 2 சதவீதம்; காத்திருந்தவர்களில் 3 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவு சிறியது. மூச்சுத்திணறலோ, உடனே எடுத்தவர்களில் 8 சதவீதம், காத்திருந்தவர்களில் 5 சதவீதம். செயற்கைச் சுவாசம் 12க்கு 9. தீவிர சிகிச்சையில் கழித்த நாட்கள், நடுமதிப்பில், நான்குக்கு இரண்டு. சிசேரியன் 26 சதவீதத்துக்கு 19.

நூறு தாய்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் உடனே பிரசவம் பார்த்தால், அதிகபட்சம் ஒரு குழந்தையை இரத்தத்தொற்றிலிருந்து காப்பாற்றியிருக்கலாம், அதுவும் உறுதியில்லை. அதற்கு விலையாகக் கூடுதலாக மூன்று குழந்தைகள் மூச்சுக்குத் திணறும், ஏழு பெண்களின் வயிற்றில் கூடுதலாகக் கத்தி விழும். இந்தப் பேரத்தை அந்தத் தாய்மார் யாரிடமும் நாம் விளக்கிச் சொன்னதில்லை.

காத்திருத்தலுக்கும் விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். காத்திருந்த பெண்களில் இரத்தக்கசிவும் பிரசவ நேரக் காய்ச்சலும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன. மருத்துவமனைப் படுக்கையில் அவர்கள் கழித்த நாட்களும் அதிகம். ஆனால் ஒரே ஆய்வை வைத்துக்கொண்டு நான் பேசவில்லை. அதற்கு முன்பே நெதர்லாந்தில் இதே கேள்வியைக் கேட்ட ஆய்வும், உடனே எடுப்பதால் குழந்தைக்குத் தொற்று குறைகிறது என்று நிறுவ முடியாமல் போனது. 2017இல் காக்ரேன் அமைப்பு 12 ஆய்வுகளையும் மூவாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தடை ஏதும் இல்லாதபோது கண்காணிப்போடு காத்திருப்பதே மேல் என்ற முடிவுக்கு வந்தது. 34 வாரத்திலிருந்து பிரசவத்தை எண்ணிப்பார்க்கலாம் என்று 2006இல் எழுதிய பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி, 2019இல் 37 வாரம் வரை காத்திருக்கலாம் என்று மாற்றி எழுதியது. 34 வாரமானால் எடுத்துவிடுங்கள் என்று நெடுங்காலம் சொன்ன அமெரிக்க மகப்பேறு கல்லூரிகூட 2020இல் இறங்கிவந்து, இரண்டில் எதுவும் ஏற்கத்தக்கதே, தாயோடு பேசி முடிவெடுங்கள் என்றது. நம் வார்டுகளில் பலவற்றில் பழைய வரிதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த 34 என்ற எண் எங்கிருந்து வந்தது? நுரையீரலிலிருந்து. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் அந்த வாரங்களில் போதிய அளவு சுரக்கத் தொடங்குகிறது. தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் அந்த முதிர்ச்சி விரைவுபடும் என்பதை ஆக்லாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் காட்டினார்கள். அந்த ஊசியின் பலன் மிகத் தெளிவாக இருப்பது 34 வாரம் வரை. ஊசிக்காகப் போட்ட எல்லைக்கோடு அது. நாளடைவில் அதையே குழந்தை தயாராகிவிட்ட நாள் என்று படிக்க ஆரம்பித்துவிட்டோம். நுரையீரலுக்கு அடுத்து மூளை இருக்கிறது. 34 வாரத்தில் அதன் எடை நிறைமாதக் குழந்தையின் மூளையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கல்லீரல் முதிராததால் மஞ்சள் காமாலை நீளும். உடம்பில் கொழுப்பு போதாமல் குளிரும், சர்க்கரை இறங்கும்.

பால் குடிப்பதைப் பாருங்கள், எல்லாம் புரியும். உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், இடையில் மூச்சு விட வேண்டும். மூன்றும் தாளம் தப்பாமல் சேர வேண்டும். 37 வாரக் குழந்தை இதைக் கேட்காமலேயே செய்யும். 34 வாரக் குழந்தை நான்கு முறை உறிஞ்சிவிட்டுத் தூங்கிப்போகும். சில நேரம் விழுங்குவதில் மூழ்கி மூச்சை மறந்துவிடும். உதடு நீலம் பாரிக்க, மானிட்டர் அலறும். தாய் பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, பாலாடையில் ஊற்றி, சொட்டுச் சொட்டாய்ப் புகட்டுவாள். தையல் வலியோடு மூன்று மணிக்கொரு முறை அந்தப் படிகளை ஏறி வருவாள். பத்து நாள் பொறுத்திருந்தால் இந்தப் பாட்டில் பெரும்பகுதி இருந்திருக்காது.

1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்கூட்டி, ஏறத்தாழ இரண்டு கிலோ எடையில். பேட்ரிக் என்று பெயர். நாட்டின் சிறந்த மருத்துவர்கள் சூழ்ந்திருந்தும் இரண்டு நாள் முடிவதற்குள் மூச்சுத்திணறலால் இறந்தான். அங்கே பிரசவத்துக்குக் காரணம் வேறு. இன்றைய கருவிகளும் மருந்துகளும் அன்று இல்லை. இன்று அந்த வயதில் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். ஆனாலும் 34 வாரம் என்பது எப்படிப்பட்ட வயது என்பதை அந்தப் பிள்ளையின் உடம்பு சொன்னது. ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்று நம் பாட்டிகள் சொல்வதுண்டு. அந்தக் கணக்கு தவறு. ஆனால் எட்டாம் மாதத்தைக் கண்டு அவர்கள் பயந்தார்களே, அந்தப் பயத்தில் கொஞ்சம் நமக்கும் வேண்டும்.

'வறண்ட வயிறு' வாதத்துக்கு வருகிறேன். குடும்பங்களை அதிகம் கலங்கடிப்பது இதுதான். தண்ணீர் போய்விட்டது, குழந்தை காய்ந்த இடத்தில் கிடக்கிறது என்று நினைக்கிறார்கள். பனிக்குட நீர் ஒருமுறை ஊற்றி மூடிவைத்த பானை நீர் அல்ல. பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர். அந்த மாதங்களில் குழந்தை நாளொன்றுக்குப் பல நூறு மில்லிலிட்டர் கழிக்கிறது. கசியக் கசிய ஊறிக்கொண்டும் இருக்கிறது. மூச்சோ உணவோ அந்த நீரிலிருந்து வருவதில்லை, நஞ்சுக்கொடி வழியாகத்தான் வருகிறது. நீர் வற்றுவது நுரையீரல் வளர்ச்சியையே கெடுக்கும் ஆபத்து ஐந்து, ஆறாம் மாதங்களில் உண்மை. 34 வாரத்தில் அந்தக் கட்டம் தாண்டிப் போயிருக்கும். மாமியார் அழலாம், அவருக்குத் தெரியாது. தெரிந்த நாம் அந்த அழுகையை நம் முடிவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிருமித்தொற்று விஷயத்தில் எதிர்த்தரப்பின் பயத்தை நான் மதிக்கிறேன். 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் சவிதா ஹாலப்பனவர் இறந்தார். கர்நாடகத்திலிருந்து போன பல் மருத்துவர், வயது 31. 17 வாரத்தில் பனிக்குடம் உடைந்தது, கருவைக் காப்பாற்ற வழியில்லை, கலைத்துவிடக் கேட்டார், சிசுவின் இதயம் துடிக்கிறது என்று மறுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் இரத்தத்தில் தொற்று பரவி உயிர் போனது. அந்தச் சாவு ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியது. காத்திருப்பதற்கு எதிரான வாதமாக இதை என்னிடம் சொன்ன சக மருத்துவர்கள் உண்டு. அங்கே நடந்ததை நான் காத்திருத்தல் என்று ஏற்க மாட்டேன். பிழைக்க வழியில்லாத கருவுக்காக, தாய் கேட்டும் மறுத்து, தொற்றின் அறிகுறிகளைக் கவனிக்கவும் தவறி, அவரைக் கைவிட்டார்கள். காய்ச்சல் வந்தால், நாடி ஏறினால், வயிறு தொட்டால் வலித்தால், நீர் நாறினால், குழந்தையின் துடிப்பு மாறினால் எத்தனையாவது வாரமானாலும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தாயிடம் இருப்பது தெரிந்தால் 34 வாரத்துக்குப் பின் உடனே எடுப்பதே நல்லது. இவற்றில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் தொற்றுக்கு இவ்வளவு பயப்படுகிற நாம் பிரசவ வார்டில் என்ன செய்கிறோம்? தண்ணீர் உடைந்த பெண் வந்ததும் முதல் கேள்வி, "பிவி பாத்தாச்சா?" விரலால் செய்யும் உள்சோதனைதான் பிவி. டியூட்டி டாக்டர் ஒருமுறை, சீனியர் ஒருமுறை, ஷிப்ட் மாறியதும் இன்னொருவர். உறை அணிந்த விரல்தான், ஆனாலும் கீழே இருக்கும் கிருமியை மேலே கர்ப்பப்பை வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த விரல்தான். அப்படிச் சோதிக்கப்பட்ட பெண்களுக்குப் பிரசவம் சீக்கிரம் வந்துவிடுகிறது என்பது பழைய பாடம். வலி வராத பெண்ணுக்கு அது வேண்டியதே இல்லை. கிருமிநீக்கம் செய்த கருவியால் ஒருமுறை திறந்து பார்த்தால் நீர் தேங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். நாமே தொற்றை ஏற்றிவிட்டு, தொற்று வந்துவிடும் என்று குழந்தையை எடுக்கிறோம்.

மருந்திலும் இதே கவனக்குறைவு. 2001இல் வெளிவந்த 'ஆரக்கிள்' ஆய்வில் 4,826 பெண்கள் இருந்தார்கள். எரித்ரோமைசின் கொடுத்தவர்களின் குழந்தைகளுக்குப் பயன் தெரிந்தது. ஆமாக்ஸிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்து கொடுத்தவர்களின் குழந்தைகளில் குடல் அழுகும் கொடிய நோய் கூடியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பனிக்குடம் உடைந்த பெண்ணின் மருந்துச் சீட்டில் அந்தக் கூட்டு மருந்தை நான் இன்றும் பார்க்கிறேன்.

"இதெல்லாம் சிட்னிக்குச் சரி, நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்பதுதான் கடைசியாக வரும் பதில். இதுவே வலுவான பதிலும்கூட. அந்தப் பெரிய ஆய்வில் இந்தியா இல்லை. நம் வார்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்று எனக்குத் தெரியும். நான்கு மணிக்கொரு முறை காய்ச்சலும் நாடியும் பார்த்து எழுத ஆள் இல்லாத இடத்தில் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அங்கிருந்து ஆள் இருக்கும் இடத்துக்கு 108இல் அனுப்பச் சொல்வேன். வயிற்றில் குழந்தையோடு அனுப்புவது, மூச்சுத்திணறும் குழந்தையைத் தனியாக அனுப்புவதைவிட எவ்வளவோ மேல். ஆள் போதவில்லை, கருவி போதவில்லை என்பது பிரசவ வார்டுக்கு மட்டும் பொருந்துவதல்ல. எங்கள் பிரிவில் சீபாப் கருவிகள் எத்தனை? ஒரு வார்மரில் இரண்டு குழந்தைகளைப் படுக்கவைத்த இரவுகள் எத்தனை? அங்கே ஒரு தாய்க்குத் தெர்மாமீட்டர் வைக்க முடியவில்லை என்பதற்காக, இங்கே ஒரு குழந்தைக்கு நிமிடத்துக்கு நிமிடம் கவனிப்பு வேண்டிய நிலையை உண்டாக்குவது என்ன கணக்கு?

இன்னொன்று. நம்மில் பலருக்கு வாரக்கணக்கே உறுதியில்லை. முதல் மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுக்காமல், கடைசி மாதவிலக்கு நாளை நினைவிலிருந்து சொன்ன பெண்ணின் 34 வாரம் உண்மையில் 32ஆக இருக்கலாம். எத்தனையோ முறை பிறந்த குழந்தையின் தோலையும் பாதக் கோடுகளையும் காது மடலையும் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டிருக்கிறேன். 34க்குக் கீழே என்றால் நுரையீரலை முதிரவைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கொருமுறை நான்கு ஊசி தர வேண்டும். இந்திய அரசின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கிராமச் செவிலியர்கூட முதல் ஊசியைப் போட்டு அனுப்பலாம் என்கிறது. உடனே எடுத்தால் அந்த ஊசிக்கு வேலை செய்ய நேரமே இல்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 64. இப்படிப்பட்ட மாநிலத்தில், காரணம் தேடும் கத்திக்கு 'தண்ணி உடைஞ்சிருச்சு' என்பது யாரும் எதிர்க்கேள்வி கேட்காத காரணமாகிவிட்டது.

மருத்துவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பயம்தான் பெரிய காரணம். காத்திருந்து ஏதாவது ஆனால் "ஏன் எடுக்கவில்லை?" என்று குடும்பம் சட்டையைப் பிடிக்கும், வழக்குப் போடும். எடுத்துக் குழந்தை பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை; "டாக்டர் காப்பாத்திக் கொடுத்தார்" என்று கும்பிடுவார்கள். செயலால் வந்த தீங்குக்குக் 'குறைமாதம்' என்று பெயர் வைத்துவிட்டதால்தான் இது முடிகிறது. என் தங்கை கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலும் அந்த ரகம்தான். பையன் இன்று மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறான். அதனால் அந்தப் பதில் உண்மையாகிவிடாது. சென்ற ஆண்டு அவளிடம் சொன்னேன்: இருந்திருக்கலாம்.

கர்ப்பிணிப் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் உடைந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் காத்திருக்கச் சொல்லி நான் எழுதவில்லை. போனபின் கேளுங்கள்: எத்தனை வாரம், எந்த ஸ்கேனை வைத்து? தொற்றின் அறிகுறி இருக்கிறதா? இன்றே எடுக்காவிட்டால் என்ன ஆகும், எடுத்தால் குழந்தைக்கு என்ன ஆகும்? பதில் கேட்டபின், இன்றே வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால் அதுவும் உங்கள் உரிமைதான்.

என் சக மகப்பேறு மருத்துவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். குழந்தையோடு எங்கள் பிரிவுக்கு வரும் குறிப்பேட்டில் 'குறைப்பிரசவத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வலி தானாக வந்திருந்தால் அப்படி எழுதுங்கள். நீங்கள் எடுத்திருந்தால், எடுத்தோம் என்றும், எதற்காக எடுத்தோம் என்றும் உங்கள் கையால் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.